இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு வாடகை வீடு

கலியாணம் முடிந்த கையோடு எல்லோரும் கேட்ட கேள்வி, "ஹனிமூனுக்கு எங்க போறியள்?" என்பதுதான். என்னோடு படித்த ஒருத்தி மாலைதீவுக்குப் போனாள். இன்னொருத்தி நுவரெலியாக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்று படம் படமாகப் போட்டாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூட்கேசையும், அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளையும், ஒரு நீத்துப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். இது இவருடைய ஊர். வேலையும் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். "வெள்ளைக்காரன் பிளேன் ஏறி, காசு கட்டி, உப்புவெளியில வந்து படுத்துக் கிடக்கிறான். நாங்கள் மோட்டச்சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில அங்க நிப்பம். இதுக்கு மேல என்ன ஹனிமூன்?" என்றார். கேட்டபோது சுத்தக் கஞ்சத்தனமாகத்தான் பட்டது. ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகு அந்தக் கணக்கில் பிழை பிடிக்க முடியவில்லை.

எங்கள் வீடு உவர்மலையில். வீடு என்றால் பெரிய வீடு இல்லை. முன்னுக்கு வீட்டுக்காரர், பின்னுக்கு நாங்கள். ஒரு அறை, ஒரு குசினி, உடுப்புக் காயப்போட ஒரு சின்ன முற்றம். இங்கே சீதன வீடு இல்லாமல் கலியாணம் முடித்து வாடகைக்கு இருப்பது சொந்தக்காரர் மத்தியில் இன்னும் கொஞ்சம் கதைக்கிற விசயம்தான். கதைக்கட்டும். அந்த முற்றத்தின் மதிலோரம் ஏறி நின்றால் உள்துறைமுகத் தண்ணீரில் ஒரு துண்டு தெரியும். எந்த வீடு இந்த வாடகைக்கு அதைக் காட்டும்?

திருமலையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நகரம் ஒரு ஒடுங்கின நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல்: டச்சுக்குடா, அதற்கு அங்காலே கோட்டை, கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலை. மேற்கே உள்துறைமுகம்: மலைகள் சுற்றி நின்று காவல் காக்கிற, அலையே இல்லாத ஆழக் கடல். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆள் மாறி ஆள் அடிபட்டது இந்தத் தண்ணீருக்காகத்தான். எங்களுக்கு அதனால் கிடைத்த லாபம் வேறு. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பின்னேரம் ஊருக்குள்ளால் நடந்து உள்துறைமுக வீதிக்கு வந்தால் அதே சூரியன் தண்ணீருக்கு அங்காலே மலைக்குப் பின்னால் இறங்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் எழும்புவதையும் விழுவதையும் ஒருநாளும் நான் கவனித்ததில்லை. அங்கே பனைக்குப் பின்னால் ஏதோ நடக்கும், வெளிச்சம் வரும், போகும், அவ்வளவுதான்.

இவருக்கு ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு போய்ப் பின்னேரம் வருவார். இரவு ஷிப்ட் என்றால் நான் கந்தோருக்குப் போகிற நேரம் அவர் வந்து விழுந்து படுப்பார்; நான் வரும்போது அவர் எழும்பித் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். அந்தத் தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பால்மாவை அள்ளிக் கொட்டி, சீனியையும் அள்ளிக் கொட்டி, கரண்டி நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒன்று. எங்கள் வீட்டில் பிளேன்டீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும்தான் பழக்கம். முதல் மாதம் முழுக்க மரியாதைக்குக் குடித்தேன். இப்போது அது இல்லாமல் தலையிடிக்கிறது.

சமையலில்தான் இரண்டு ஊரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. இவருக்குப் புட்டு என்றால் குழலில் வர வேண்டும். எனக்கு நீத்துப்பெட்டி. பனையோலையில் கூம்பாகப் பின்னின அந்தப் பெட்டியில் மாவைக் குழைத்து உதிர்த்து, தேங்காய்ப்பூவைத் தூவி, அமத்தாமல் போட்டு, பானை வாயில் வைத்து அவித்தால் ஓலை வாசத்தோடு பொலபொலவென்று கொட்டும். குழல் புட்டு பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழம்பை விட்டுக் குழைக்கும்போது எது நல்லது என்று நடுநிலையாக யோசித்துப் பாருங்கள். மாமி ஒருநாள் வந்து நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவுறது எப்பிடிப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் அவருடைய தீர்ப்பு முழுவதும் இருந்தது.

சொதி விசயத்தில் நான் தோற்றுப்போனேன். சந்தோசமான தோல்வி. இவர் கடைத்தெருவுக்குப் போய் விளைமீன் வாங்கி வருவார். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்காமல் வாங்கவே மாட்டார். மாதக் கடைசி என்றால் சூடை, கும்பிளா. அறக்குளா சம்பளம் வந்த கிழமைக்கு மட்டும். தலையையும் வாலையும் சொதிக்கு ஒதுக்கிவிட்டு நடுத்துண்டைக் குழம்புக்குத் தருவார். "நீர் இரும், நான் துருவுறன்" என்று திருவலையில் குந்திவிட்டால் தேங்காய் முடியும்வரை எழும்ப மாட்டார். முதல்பாலைப் பிழிந்து தனியாக வைப்பார். கப்பிப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், மீன்தலை எல்லாம் போட்டு அவிய விடுவார். மீனின் கண் வெள்ளையாகித் திரண்டதும் முதல்பாலை விட்டு, அகப்பையால் கலக்கிக்கொண்டே நிற்பார். கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் பால் திரைந்துவிடும். விளிம்பில் நுரை கட்டத் தொடங்கும் அந்த நொடியில் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத்தான் தேசிக்காய்ப் புளி. அதுவரைக்கும் யாரும் அவரோடு கதைக்கக்கூடாது. அலுவலகப் பிரச்சினை, வீட்டு வாடகை, அம்மாவின் போன் எல்லாம் சொதி இறங்கின பிறகு.

ஒருவரை ஒருவர் தெரியாமல் கலியாணம் முடித்தவர்கள் நாங்கள். தரகர், சாதகம், இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தரம் பலகாரம், பிறகு கொஞ்சநாள் போனில் கதை. போனில் என்ன தெரியும்? "சாப்பிட்டீங்களா", "ஓம்", "நீர்?", "ஓம்". இவர் பொறுமையான ஆள் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சொதிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். நான் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுகிற ஆள் என்பதை இவர் கண்டுபிடித்ததும் அதே குசினியில்தான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். புதுச்சோடிக்கு இல்லாத ஒன்று என்றால் அதுதான். காரணம் விருந்து. கலியாணம் முடிந்தால் பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, மாமாவின் பழைய கூட்டாளி வீடு என்று ஒவ்வொருவரும் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்பது முறை. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அது தலைமுறைக் கோபம். எல்லா வீட்டிலும் கோழி, இறால், கணவாய், பொரிச்ச மீன், கடைசியில் வட்டிலப்பம். சாப்பிட்டு முடிய மூச்சு விட முடியாமல் கதிரையில் இருக்கும்போது, "பிறகு, விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று ஒரு கேள்வி. வட்டிலப்பத்தைவிட அது கனம்.

அந்தக் கேள்விக்குக் கோணேசர் கோயிலில் ஒரு நிரந்தரப் பதில் தொங்குகிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் போய் மேட்டில் ஏறினால் கோயில். அதற்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு. மலை பிளந்து நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம். அங்கே மரக்கிளை நிறையச் சின்னச் சின்னத் தொட்டில்கள். பிள்ளை வேண்டி வருகிறவர்கள் கட்டுவது. ஒரு வெள்ளிக்கிழமை எங்களோடு வந்த சின்னமாமி கடையில் ஒரு தொட்டிலை வாங்கி என் கையில் வைத்துவிட்டார். இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பதான் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறம் சின்னம்மா, கோணேசர் கொஞ்சம் பொறுப்பார்" என்றார். கோணேசருக்குப் பொறுமை புதிதில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் உள்ள கல் நிற்கிறது. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்த மலையடிவாரத்துக் கடலில் சுழியோடினபோது பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தார்கள், லிங்கமும் கிடைத்தது. 1963இல் கும்பாபிஷேகம். முந்நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர், எங்களுக்காக ஒன்றிரண்டு வருடம் காத்திருக்க மாட்டாரா?

மான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டைக்குள் மட்டுமில்லை, ஊருக்குள்ளும் புள்ளிமான்கள் மாடுகளைப் போலத் திரியும். பின்னேரத்தில் மைதானப் பக்கம், சந்தைப் பக்கம், சில வேளை பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே. நான் முதல் தரம் பார்த்தபோது போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கோவா இலையை மட்டும் உள்ளுக்கு இழுத்து வைத்தார். அவற்றுக்குக் கச்சான் சரையைக் காகிதத்தோடு நீட்டுகிறவர்களையும் ஷொப்பிங் பையோடு சாப்பாட்டை எறிகிறவர்களையும் பார்த்தால் எனக்கு வருகிற கோபத்துக்கு, வீட்டில் கழுவப் பாத்திரம் போதாது.

எஸ்பிளனேட் பக்கம் பழைய ஆங்கிலேயர் சேமக்காலை ஒன்று இருக்கிறது. நடந்து போகும்போது இவர்தான் காட்டினார்: ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் அங்கேதான் அடக்கமாம். கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து, 1852இல் பர்மாப் போருக்குப் போன இடத்தில் வாந்திபேதியில் இறந்து, திருமலைக்குக் கொண்டுவரப்பட்டவர். கலியாணம், சீதனம், வருமானம், மாப்பிள்ளை தேடல் என்று நாவல் நாவலாக எழுதின ஜேன், கடைசிவரை கலியாணம் முடிக்கவில்லை. எங்கள் சின்னமாமியைச் சந்தித்திருந்தால் இன்னும் ஒரு நாவல் எழுதியிருப்பார்.

டச்சுக்குடாக் கடற்கரையில் இருப்பதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு இறால் வடை, ஒரு சரை கச்சான், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைக்க இடம். காற்றுக்காலத்தில் மண் பறந்து வடைக்குள் விழும். பட்டம் விடுகிற பிள்ளைகள், பந்தடிக்கிற பெடியள், தொப்பி போட்ட முஸ்லிம் குடும்பம், சிங்களத்தில் அரட்டை அடிக்கிற ஒரு கூட்டம், எங்களைப் போலப் புதுத் தாலிக்கொடி மினுங்க இருக்கிற சோடிகள். இருட்டின பிறகும் யாரும் எழும்ப அவசரப்படுவதில்லை. எனக்கு அது சாதாரணமாகத்தான் தெரிந்தது. மாமி சொல்லும்வரை.

மாமி எண்பதுகளின் கடைசியில் கலியாணம் முடித்தவர். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஒருநாள் நாங்கள் வெளிக்கிடும்போது தானும் வருகிறேன் என்று வந்தார். மண்ணில் கால் நீட்டி இருந்துகொண்டு, "நாங்கள் முடிச்ச புதுசில ஆறு மணிக்குப் பிறகு கடல் எப்பிடி இருக்கும் எண்டே தெரியாது பிள்ளை" என்றார். ஊரடங்கு, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு. மாமா வேலையால் வரப் பிந்தினால் படலையில் நின்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியாது. 1990 ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கினபோது கைக்குழந்தையோடு இடம்பெயர்ந்தார்கள். அயலில் பல குடும்பங்கள் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டன. சில திரும்பவே இல்லை. "அவரும் நானும் ஒரு நாள் இஞ்ச வந்து கச்சான் சாப்பிட்டிருக்கிறமோ எண்டு யோசிச்சுப் பாக்கிறன். இல்லை." மாமா காலமாகிச் சில வருடமாகிறது.

அந்தக் கடற்கரைக்குப் போகிற வழியில்தான் காந்தி சிலை. 2006 ஜனவரி 2ஆம் திகதி இரவு, அதற்குக் கிட்ட நின்று கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். அந்த வழக்கில் இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். நாங்கள் நடக்கிற பாதை அதுதான். பின்னேரம் கடற்கரையில் சும்மா குந்தியிருப்பதை யாராவது "சின்னச் சந்தோசம்" என்று சொன்னால் நான் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஊரில் அது சின்னது இல்லை. ஒரு தலைமுறைக்கே மறுக்கப்பட்டது.

மாமியை இப்போது இடைக்கிடை கூட்டிக்கொண்டு போகிறோம். கச்சான் பல்லில் கடிபடவில்லை என்று அவித்த சோளம் கேட்பார்.

கன்னியாவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டபோது மட்டும் மாமி முகம் மாறிவிட்டது. ஊரிலிருந்து அநுராதபுரப் பாதையில் கொஞ்சத் தூரம் போனால் வெந்நீரூற்று: சதுரமாகக் கட்டின ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்யத் தரையில் வாளால் குத்தின இடம் என்பது கதை. அதனால் செத்த வீட்டு அந்தியேட்டிக்கு அங்கே போகிற வழக்கம் உண்டு. "தாலி கட்டி வருசம் திரும்பேல்லை, அங்க என்ன வேலை?" என்றார் மாமி. இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒரு விடியற்காலையில் இவர் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனார். சனமில்லாத நேரம். வாளியால் அள்ளி ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கிணற்றிலும் தலையில் ஊற்றினோம். கடைசிக் கிணற்றில் "ஐயோ" என்று நான் கத்த, இவர் வேண்டுமென்றே இன்னொரு வாளி ஊற்றினார். தலை ஈரத்தோடு திரும்பி வரும் வழியில் பாணும் கட்டைச்சம்பலும் பருப்பும். இதை மாமி வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மூதூருக்குப் போவது வேறு சுகம். கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை. முன்பு இந்த வழியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு ஆற்றுவாயிலும் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டுமாம். மிதக்கும் பாதை வந்து வாகனத்தை ஏற்றி அக்கரையில் விடும்வரை வெயிலில் நிற்பதுதான் பயணத்தின் பெரும்பகுதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது காற்று முகத்தில் அடிக்க ஒரே ஓட்டம். வரும்போது எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை நான் மடியில் வைத்துக்கொண்டு பின்னுக்கு இருப்பேன். குலுங்காமல் வர வேண்டும் என்று இவர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது அவ்வளவு கவனம் காட்டினதில்லை. வீட்டுக்கு வந்து, மேலே படிந்த மஞ்சள் ஆடையை இரண்டாகப் பிரித்து, கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டால் இரவுச் சமையல் தேவையில்லை.

கார்த்திகை பிறந்தால் இதெல்லாம் மாறும். வாடைக்காற்றும் மழையும் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளும்; கடல் நிறம் மாறிக் கொந்தளிக்கும்; மீன் விலை ஏறும். உடுப்புக் காயாது. பின்னேர நடைக்குப் பதிலாக இவர் பழைய ரேடியோவைத் திருத்துவார், நான் கணக்குக் கொப்பியில் மாதச் செலவு எழுதுவேன். காஸ், வாடகை, மின்சாரம், பெற்றோல், இவருடைய தங்கச்சியின் வகுப்புக் காசு. மிஞ்சுவது கொஞ்சம். மாலைதீவுக்கு அது எந்தக் காலத்திலும் காணாது. இறால் வடைக்குக் காணும்.

இப்போது சொந்தக்காரர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். விருந்துக்குக் கூப்பிடுங்கோ, கட்டாயம் வருவோம். இறாலும் கணவாயும் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் மத்தியானச் சாப்பாடாக வையுங்கோ, மூன்று மணிக்குள் எங்களை விட்டுவிடுங்கோ. அடுத்த மாதம் இவருக்குக் காலை ஷிப்ட். பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம், போனும் எடுக்க மாட்டோம்.